புழங்காததும் பழுதில்லாததும் ஒன்றா? ஷூ மறுவிற்பனையில் நிலையைக் குறிக்கும் சொற்கள்

செக்காலை வாசி எழுதியது:

வணக்கம். ஐந்தாறு ஆண்டுகளாகக் காரைக்குடியில் இருந்துகொண்டு பழைய ஸ்னீக்கர்களை வாங்கியும் விற்றும் வருகிறேன். சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததை எழுதி, நாம் விளம்பரங்களில் நாள்தோறும் போடும் ‘டி.எஸ்.’ (டெட்ஸ்டாக், அதாவது அணியாதது), ‘வி.என்.டி.எஸ்.’ (ஏறத்தாழ அணியாதது) போன்ற சொற்களுக்கு நமக்குள்ளாவது ஒரே பொருள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2012-இல் மறுவெளியீடாக வந்த நைக்கியின் ஏர் ஜோர்டன் 4 ஒரு ஜோடி, ‘டெட்ஸ்டாக், எல்லாம் ஒரிஜினல்’ என்ற குறிப்போடு விற்பனைக்கு வந்தது. பெட்டி, உள்தாள், தொங்கும் அட்டை எல்லாம் இருந்தன. படத்தில் அடிச்சோலின் வரிகளுக்குள் ஒரு மணல் துகள்கூடத் தெரியவில்லை. பெட்டியில் இருந்த மாடல் எண்ணும் ஷூவின் உட்புற அளவுச் சீட்டில் இருந்த எண்ணும் பொருந்தின. போலி இல்லை என்று உறுதியான பிறகே பணம் அனுப்பினேன். முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டு கொப்புடைய நாயகி அம்மன் கோவில் வரை நடந்து போய்த் திரும்பினேன். வீட்டு முகப்பில் ஏறும்போது இடது குதிகால் ஒரு பக்கமாக இறங்கியது. திரும்பிப் பார்த்தால், ஆத்தங்குடிப் பூக்கல்லின் சிவப்பு இதழ்கள் மேல், வாசற்படி தொடங்கி நான் நின்ற இடம் வரை, நாள்பட்ட ரொட்டி நொறுங்கியது போல வெளுத்த துகள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். அது மாவாகவில்லை; மெழுகைப் போலப் பிசுபிசுத்து விரலில் ஒட்டிக்கொண்டது.

விற்றவரிடம் கேட்டேன். ‘யாரும் ஒரு நாள்கூட அணியாதது என்றுதான் எழுதினேன், அதில் பொய் எங்கே இருக்கிறது?’ என்றார். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அவர் எழுதிய சொல்லில் பொய் இல்லைதான். அப்படியானால் அந்தச் சொல் எனக்கு எதைச் சொல்லியிருக்க வேண்டும்? மூத்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பள்ளத்தூர் அண்ணாச்சி எழுதியது:

தம்பி, பணம் போன வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் விற்றவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

‘டெட்ஸ்டாக்’ என்பது முதலில் பாராட்டுச் சொல்லே அல்ல. விற்காமல் கிட்டங்கியில் முடங்கிவிட்ட பொருளுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. நம் கடைவீதியில் ‘தேங்கிய சரக்கு’ என்று சொல்லும்போது முதலாளியின் முகம் வாடுமே, அதே பொருள்தான். பிறகு, உற்பத்தி நின்றுபோன பழைய மாடல்களைத் தேடியவர்கள் விளையாட்டுப் பொருள் கடைகளின் பின்னறைகளில் அந்தத் தேங்கிய பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். கடைக்காரருக்குச் சுமையாக இருந்தது அவர்களுக்குப் புதையலாக இருந்தது. அப்படித்தான் ‘அணியாதது, லேஸ்கூட மாற்றிக் கோக்காதது, பெட்டியோடு இருப்பது’ என்ற இன்றைய பொருள் வந்து சேர்ந்தது. இன்று நேற்று வெளியான ஷூவுக்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். அது சொல்லின் வேரை மறந்த பயன்பாடு என்பது என் கருத்து.

மற்றவை இதை ஒட்டிப் பிறந்தவை. வி.என்.டி.எஸ். என்றால் டெட்ஸ்டாக்கை மிக நெருங்கி நிற்பது, அதாவது ஒன்றிரண்டு முறை போட்டது. பி.ஏ.டி.எஸ். என்றால் போட்டதுதான், ஆனால் போடாதது என்று சொன்னாலும் நம்பலாம் என்பது. ‘பீட்டர்’ என்பது மழைக்கும் சேற்றுக்கும் போட்டு அடித்துத் தேய்ந்தது. ‘பி கிரேடு’ என்பது தொழிற்சாலையிலேயே சிறு குறையோடு ஒதுக்கப்பட்டது. அதை யாரும் அணியாமல் இருந்தாலும் முதல் தரம் ஆகாது.

இவை எல்லாமே போட்டார்களா, எத்தனை முறை போட்டார்கள் என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். அந்தக் கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

தேவகோட்டை ஆசிரியர் எழுதியது:

வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தப் பிசுபிசுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தின் சாவி அதில்தான் இருக்கிறது.

ஏர் ஜோர்டன் 3, 4 போன்றவற்றின் நடுச்சோல், அதாவது அடிச்சோலுக்கும் மேல்தோலுக்கும் இடையிலுள்ள மெத்தைப் பகுதி, பாலியூரிதேன் நுரையால் ஆனது. பாலியூரிதேனில் ஒரு வகையின் சங்கிலியில் எஸ்டர் இணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் நுரைக்குள் ஊடுருவி அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலமே அடுத்த இணைப்பு அறுபடுவதை விரைவாக்குகிறது. ஆகவே பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் மளமளவென்று முடிந்துவிடும். நுரையின் மேல் பூசிய பெயின்ட் மட்டும் வெளியே தோல் போல நின்று உருவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் படத்தில் பார்த்தது அந்தத் தோலைத்தான். உங்கள் எடை அதன்மேல் ஏறியதும் உள்ளே இருந்தது தெரியவந்தது.

இந்தச் சிதைவுக்கு யாரும் நடக்க வேண்டியதே இல்லை. வெப்பமும் ஈரமும் இருந்தால் போதும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மாடியறையும் பரணும் அடுப்பு மாதிரி காய்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் அதே அறையில் வந்து தங்குகிறது. பதினொரு ஆண்டு பரணில் இருந்த பெட்டி பதினொரு கோடையையும் பதினொரு மழைக்காலத்தையும் பார்த்திருக்கிறது. உள்தாளில் சுற்றி மூடி வைத்திருந்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியும் குறைவு. அவ்வப்போது அணிவது நுரையிலிருந்து ஈரத்தை அமுக்கி வெளியேற்றுகிறது என்று சேகரிப்பவர்கள் பலர் சொல்கிறார்கள்.

எல்லா ஷூவும் இப்படி ஆவதில்லை. ஈ.வி.ஏ. என்ற வேறொரு வகை நுரைக்கு இந்தச் சங்கிலி அறுபடும் நோய் இல்லை; அது காலப்போக்கில் இறுகிப்போகும், அமுங்கிப்போகும். 1985-இல் வந்த முதல் ஏர் ஜோர்டனின் அடிப்பாகம் கிண்ணம் போன்ற ரப்பர் என்பதால் அது இவற்றைவிட நெடுநாள் தாங்குகிறது. எனவே ‘டெட்ஸ்டாக்’ என்ற ஒரே சொல் ஏர் ஜோர்டன் 1-க்கும் 4-க்கும் ஒரே உறுதியைத் தர முடியாது.

முனீஸ்வரன் கோவில் தெரு எழுதியது:

எனக்கு ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் மகன் இந்த இழையைக் காட்டினான். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன்; எனாமல் பாத்திரம், கண்ணாடி, மரச்சாமான் வாங்கி விற்கிறோம். நீங்கள் பேசுவது எங்கள் கடையில் நாள்தோறும் நடப்பதுதான்.

கல்யாணத்தில் சீராகப் பரப்பிய சாமான்களில் பாதி, பெரிய வீடுகளில் அப்படியே அறையில் வைத்துப் பூட்டப்பட்டவை. மூன்று தலைமுறை கழித்து அறையைத் திறக்கும்போது, ‘எங்கள் ஆயா ஒரு நாளும் புழங்காதது’ என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் நான் முதலில் செய்வது பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்பது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்ததில் விளிம்பில் எனாமல் சில்லு போயிருக்கும். அந்தச் சில்லு மிளகு அளவுதான் இருக்கும். அதன் வழியே உள்ளே இருக்கும் இரும்பு துருவேறி, துரு சுற்றிலும் எனாமலுக்கு அடியில் பரவி, நகத்தால் தட்டினால் பொத்தென்று ஓசை வரும். நல்ல பாத்திரம் கணீர் என்று ஒலிக்கும்.

அதனால் எங்கள் சீட்டில் இரண்டு வாக்கியம் எழுதுவோம். முதல் வாக்கியம் புழங்கியதா, புழங்காததா என்பது. இரண்டாவது வாக்கியம் சில்லு, சொட்டை, துரு, விரிசல் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது. முதலாவது வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. இரண்டாவது என் கண்ணாலும் கையாலும் பார்த்தது; அதற்கு நான் பொறுப்பு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததுதான் உங்களுக்கு வந்த சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

செக்காலை வாசி எழுதியது:

ஆச்சி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் சொல்ல முயன்று சொல்ல முடியாமல் இருந்தது அதுவேதான். ‘புழங்காதது’ என்பது நேற்றைய கதை. ‘பழுதில்லாதது’ என்பது இன்றைய நிலை. டி.எஸ். என்ற எழுத்துகள் கதையை மட்டும் சொல்கின்றன. வாங்குகிறவர் அதை நிலையாகப் படித்துக்கொள்கிறார்.

பள்ளத்தூர் அண்ணாச்சி எழுதியது:

ஆச்சி சொல்வது பழைய சாமானுக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றும் தனி. ஷூ வாணிபம் வேறு வழியில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2016-இல் தொடங்கிய ஸ்டாக்எக்ஸ் என்ற மறுவிற்பனைத் தளம் பங்குச்சந்தையைப் போலவே அமைக்கப்பட்டது. வாங்குபவர் ஒரு விலை கேட்பார், விற்பவர் ஒரு விலை சொல்வார், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பேரம் முடியும். அங்கே காட்டப்படுவது மாடலின் பொதுப்படம். உங்களுக்கு வரப்போகும் குறிப்பிட்ட ஜோடியின் படம் அல்ல. ஒரே மாடல், ஒரே அளவு என்றால் எந்த ஜோடியும் எந்த ஜோடிக்கும் ஈடு என்று வைத்தால்தான் அப்படி ஒரு சந்தை நடக்கும். அணியாதவை மட்டுமே என்ற விதி அதற்காகத்தான். அதற்கு ஓராண்டு முன்பு வந்த ‘கோட்’ (GOAT) போன்ற தளத்தில் அணிந்தவற்றையும் விற்கலாம். அங்கே அந்தந்த ஜோடியின் படத்தைப் போட்டாக வேண்டும். ஆகவே ஒரு சொல்லில் முடிக்கும் வழக்கத்தைச் சோம்பல் என்று மட்டும் தள்ளிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான ஜோடிகள் கைமாறும் இடத்தில் அது தேவையாக இருக்கிறது.

கோட்டையூர் நாணயம் எழுதியது:

அண்ணே, அந்தத் தேவை நாணயச் சேகரிப்பிலும் இருந்தது. அங்கே அதை வேறு விதமாகத் தீர்த்தார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் அமெரிக்கச் செப்பு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று அது பொதுவாக எல்லா நாணயத்துக்கும் பயன்படுகிறது. அதில் கவனிக்க வேண்டியது இதுதான்: யார் கையிலும் புழங்காத நாணயத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண் கிடையாது. 60 முதல் 70 வரை பதினொரு படிகள் புழங்காத நாணயத்துக்கு மட்டுமே உரியவை. நாணயச்சாலையில் பையில் கொட்டும்போது நாணயங்கள் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழுகிறது, நிறம் மாறுகிறது, அச்சே மங்கலாக விழுந்திருக்கிறது. புழங்காதது என்ற ஒரு வட்டத்துக்குள்ளேயே நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஷூ விற்பவர்கள் போடும் ‘பத்துக்கு ஒன்பது’ என்பது எண் போல இருக்கிறதே தவிர அளவு இல்லை. எட்டுக்குக் கீழே எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. பத்தில் எது ஒன்றைக் குறைத்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

கானாடுகாத்தான் எழுதியது:

துணியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அங்கே குழப்பம் இன்னும் ஆழமானது.

‘சீட்டு கிழிக்காத புதியது’ என்று எழுதிய ஹூடி ஒன்று எனக்கு வந்தது. சீட்டு இருந்தது, உண்மை. அலமாரியில் மடித்தபடியே கிடந்ததால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு, அந்துருண்டை வாசம் நான்கு சலவைக்குப் பிறகும் போகவில்லை. சலவை செய்ததும் அது ‘புதியது’ என்ற தகுதியையும் இழந்துவிட்டது. பாத்திரத்துக்கு ஆச்சி சொன்னது அப்படியே இங்கும் பொருந்துகிறது.

ஆனால் பழைய டி-ஷர்ட்டில் கதை தலைகீழாகிறது. 1990-களின் நடுப்பகுதி வரை வந்த பல அமெரிக்க டி-ஷர்ட்டுகளின் ஓரம் ஒற்றைத் தையலில் இருக்கும். சாயம் வெளுத்து, துணி மெலிந்து, மார்பிலுள்ள அச்சு மெல்லிய வலை போல வெடித்திருந்தால் அதற்கே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. கண்டாங்கிச் சேலை துவைக்கத் துவைக்க உடம்போடு இழைந்து வரும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அந்த விருப்பம் போன்றதுதான் இது. அப்படிப்பட்ட சட்டைக்கு ‘சுமார் நிலை’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. வெளுத்தது எவ்வளவு, கழுத்துப் பட்டி அலையலையாகத் தொய்ந்துவிட்டதா, கக்கத்தில் வியர்வை மஞ்சள் உண்டா, எங்காவது ஓட்டையா என்று எழுத வேண்டும். அளவும் சீட்டைப் பார்த்து எழுதக் கூடாது. துவைத்ததில் சுருங்கியிருக்கும், கக்கத்திலிருந்து கக்கம் வரை நாடாவை வைத்து அளந்து எழுத வேண்டும்.

நல்லது, கெட்டது என்று தீர்ப்பு சொல்லும் வேலையை வாங்குபவரிடம் விட்டுவிட்டு, இருப்பதை மட்டும் விற்பவர் சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து எழுதியது:

ஜப்பானியப் பழம்பொருள் கடைகள் பலவற்றில் நிலையைக் குறிக்க எஸ், ஏ, பி, சி என்று மேலிருந்து கீழாகப் படி வைத்திருக்கிறார்கள். நான் அங்கிருந்து வாங்குவதுண்டு. ஒரு கடையின் ‘ஏ’ இன்னொரு கடையின் ‘பி’ ஆக இருக்கும். இருந்தும் நான் நம்பி வாங்குவதற்குக் காரணம் அந்த எழுத்து அல்ல. அதன் கீழே ‘வலது முன்பக்கம் மைப்புள்ளி’ என்பது வரை எழுதியிருப்பார்கள், அந்தப் புள்ளிக்குத் தனிப் படமும் இருக்கும்.

செக்காலை வாசி எழுதியது:

வி.என்.டி.எஸ். பற்றியும் கேட்டுவிடுகிறேன். ‘ஒரே ஒரு முறை போட்டது’ என்று எழுதுகிறார்கள். அதை யார் சரிபார்க்க முடியும்?

பள்ளத்தூர் அண்ணாச்சி எழுதியது:

யாராலும் முடியாது, தம்பி. அதில் நான் உங்கள் பக்கம் வருகிறேன். வீட்டுக்குள் ஒரு முறை போட்டதும், ஒரு கல்யாணத்தில் காலை முதல் இரவு வரை நின்றதும் இரண்டுமே ஒரு முறைதான். ஆனால் தடயம் பொய் சொல்லாது. விரல் மடியும் இடத்தில் தோலில் விழுந்த சுருக்கம், குதிகாலின் வெளிப்பக்க ஓரத்தில் வழவழப்பான தேய்வு, ஏர் ஃபோர்ஸ் 1 என்றால் அடிச்சோல் முன்பக்கத்தில் உள்ள சிறு நட்சத்திரங்களில் எத்தனை மழுங்கியிருக்கின்றன என்பது, இன்சோலில் பெயர் அழிந்த அளவு, இவற்றைப் படமெடுத்தால் எத்தனை முறை என்ற கேள்வியே தேவைப்படாது.

இன்னொன்றையும் கட்டாயம் எழுத வைக்க வேண்டும். மஞ்சளேறிய சோலைப் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்வது, சோலையே மாற்றித் தைப்பது, விளிம்பில் மறுபடி பெயின்ட் அடிப்பது ஆகியவற்றைச் செய்துவிட்டு, பார்க்கப் புதிது போல இருக்கிறது என்பதால் பி.ஏ.டி.எஸ். என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை நன்றாகவே இருக்கலாம், அதில் குற்றமில்லை. சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

தேவகோட்டை ஆசிரியர் எழுதியது:

வயதையும் எழுத வேண்டும். ஷூவின் அளவுச் சீட்டில் உற்பத்திக் காலம் பெரும்பாலும் இருக்கும். இந்தியாவில் விற்ற பெட்டி என்றால் விலை ஸ்டிக்கரில் மாதமும் ஆண்டும் இருக்கும். பாலியூரிதேன் நடுச்சோல் உள்ள ஜோடி பத்தாண்டைத் தாண்டியிருந்தால், விற்பவர் குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தி, மீண்டு எழுகிறதா, பள்ளம் அப்படியே நிற்கிறதா, பெயின்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, தொட்டால் ஒட்டுகிறதா என்பதை எழுதலாம். ஆச்சி பாத்திரத்தை நகத்தால் தட்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே.

செக்காலை வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த நொறுங்கிய ஜோடியை நான் விற்கப் போகிறேன். மேல்தோல் நன்றாக இருப்பதால் சோல் மாற்றும் வேலை தெரிந்தவர்களுக்கு அது பயன்படும். இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்:

‘ஏர் ஜோர்டன் 4, 2012 வெளியீடு. புழக்கம்: எனக்கு வரும் முன் அணியப்படவில்லை என்று விற்றவர் சொன்னார், நான் ஒரு முறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அணிந்தேன். நிலை: இடது நடுச்சோல் குதிகாலில் முற்றிலும் நொறுங்கிவிட்டது, வலது நடுச்சோலில் விரிசல், அழுத்தினால் பள்ளம் மீள்வதில்லை. இரண்டையும் அணிய இயலாது. மேல்தோலில் சுருக்கம் மிகக் குறைவு. பெட்டி, அட்டை உண்டு. பெட்டி மூடியின் ஒரு மூலை கிழிந்துள்ளது. பராமரிப்பு வேலை எதுவும் செய்யப்படவில்லை.’

முனீஸ்வரன் கோவில் தெரு எழுதியது:

நன்றாக இருக்கிறது, தம்பி. ‘சுருக்கம் மிகக் குறைவு’ என்பதை மட்டும் மாற்றுங்கள். குறைவு என்பது உங்கள் கணிப்பு. எந்த இடத்தில் எத்தனை கோடு என்று எழுதுங்கள்.

செக்காலை வாசி எழுதியது:

மாற்றிவிட்டேன், ஆச்சி. இடதில் இரண்டு கோடு, வலதில் ஒன்று.

பள்ளத்தூர் அண்ணாச்சி எழுதியது:

நேற்று இரவு என் பரணில் இருந்த ஐந்து பெட்டிகளையும் இறக்கி, ஆசிரியர் சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். நான்கு உறுதியாக இருக்கின்றன. 2013-இல் வாங்கிய ஒன்றில் குதிகால் விளிம்பில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் நின்றது. அதை ஆறு மாதமாக ‘டி.எஸ்.’ என்று விலைக்கு வைத்திருந்தேன். விளம்பரத்தை எடுத்துவிட்டு, விரிசலின் படத்தோடு புதிதாகப் போட்டிருக்கிறேன். பெட்டிகளை இனி கீழ் அறையில், சுவரை ஒட்டாமல் வைக்கப் போகிறேன்.

செக்காலை வாசி எழுதியது:

அண்ணே, விலை அதேதானா?

பள்ளத்தூர் அண்ணாச்சி எழுதியது:

பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன். ஞாயிறு காலை பழைய பேருந்து நிலையம் பக்கம் வருகிறேன். வேண்டுமென்றால் கையில் வாங்கி நீங்களே அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.